பின்னலா, மணிக் கோர்வையா: ஆயிரம் ரூபாயை எதில் போடுவது?

மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் போன மாதம் ஒரு ராத்திரி இறங்கி வந்தாள். “அக்கா, உங்களை மாதிரி நானும் மணி, கயிறுன்னு ஏதாவது பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கேன். ஆயிரம் ரூபாய் எடுத்து வெச்சிருக்கேன். எதுல ஆரம்பிக்கட்டும்?”

சட்டென்று பதில் வரவில்லை. பத்து வருஷமாக இந்த வேலையில் கை வைத்திருக்கிறேன் என்பது உண்மைதான். எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சுருக்குப் பை நிறைய முடிக்காத மாலைகளும், ஒற்றைக் கம்மல்களும், எதற்கு வாங்கினேன் என்றே மறந்துபோன கொக்கிகளும் கிடப்பதும் உண்மை. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பஸ் ஏறி, பஜாரில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வந்ததன் பலன் அது. அவளுக்கும் அந்தச் சுருக்குப் பை வேண்டாம் என்று தோன்றியது.

அவள் நிலைமை இது. பகலில் வேலை. பையன் தூங்கிய பிறகு ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கும், அதுவும் நிச்சயமில்லை. பையனுக்கு மூன்று வயது. தரையில் எது கிடந்தாலும் வாய்க்குப் போகும். ஹாலில் ஒரே ஒரு டியூப்லைட். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘எது அழகாக இருக்கும்’ என்று பேசிப் பயனில்லை. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: தப்பாகப் போனால் பிரித்துப் போட முடியுமா? பிரித்தால் போட்ட பொருள் திரும்பக் கைக்கு வருமா, குப்பைக்குப் போகுமா? புதுக் கை பத்துக்கு ஏழு தடவை தப்பாகத்தான் செய்யும். என் கை அப்படித்தான் செய்தது.

முதலில் பின்னல். இதில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரியும். காலை அவசரத்தில் பிள்ளைக்கு ரெட்டைச் சடை போட்டுவிட்ட கைக்கு மூன்றுகால் பின்னலை யாரும் சொல்லித்தர வேண்டாம். அடுத்த படி நாலுகால் உருட்டுப் பின்னல். நாலு இழையைப் பரப்பி வைத்துக்கொண்டு, வலது ஓரத்து இழையைப் பக்கத்திலுள்ள இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், அந்த இரண்டில் தள்ளி இருப்பதன் மேல் சுற்றித் திருப்ப வேண்டும். பிறகு இடது ஓரத்து இழைக்கும் அப்படியே. நாலு விரற்கடை பின்னியதும் அரைஞாண் கயிறு மாதிரி உருண்டு வரும். 16 சென்டிமீட்டர் மணிக்கட்டுக்கு இழைக்கு 35 சென்டிமீட்டர் வெட்டினால் முடிச்சுக்கும் சேர்த்துப் போதும்.

மாக்ரமே என்கிற முடிச்சு வேலை இதன் அடுத்த வீடு. நடுவில் இரண்டு இழை சும்மா நிற்கும். பக்கத்து இழை இரண்டும் அவற்றைச் சுற்றி முடிச்சாக விழும். ஒரு முடிச்சு வலமிருந்து, அடுத்தது இடமிருந்து. மாற்றாமல் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் பட்டையாக வராமல் திருகாணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். அதையும் ஒரு டிசைன் என்று வேண்டுமென்றே செய்கிறார்கள். நான் முதலில் செய்தது வேண்டுமென்று செய்ததல்ல. நூல் கணக்கிலும் ஏமாந்தேன். நடு இழைக்கு 35 சென்டிமீட்டர் போதும், ஆனால் முடிச்சுப் போடும் இழை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கேட்கும். நாலையும் ஒரே அளவாக வெட்டி, பாதிக் கைக்கயிற்றில் நூல் தீர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

எந்த நூல் என்பதில் வேலூர் வெயிலுக்கும் ஒரு ஓட்டு உண்டு. பருத்தி நூல் கைக்கு இதம், முடிச்சு நழுவாது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில் காட்பாடி ரயிலடியில் அரை மணி நேரம் நின்றால் வியர்வையைக் குடித்து, நாலு நாளில் சாயம் மங்கி, வாடையும் வரும். நைலான், பாலியஸ்டர் நூல் தண்ணீருக்கு அசையாது. மிச்ச முனையை மெழுகுவத்தியில் காட்டினால் உருகித் தானே அடைத்துக்கொள்ளும், பசை வேண்டாம். வழவழப்பால் முடிச்சு நழுவும் என்பது அதன் குறை. ஒரு மில்லிமீட்டர் மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நான் வாங்குவது அதைத்தான். வெறும் பழக்கத்துக்கு எம்பிராய்டரி நூலே போதும். ஒரு ஆங்கர் சிட்டத்தில் எட்டு மீட்டர் இருக்கும், ஆறு புரி. பிரித்து எடுத்தால் எத்தனையோ கையை நிறைக்கும்.

கொஞ்சம் பழகியவர்களுக்கு ஜப்பான்காரர்களின் குமிஹிமோ என்கிற கயிற்றுப் பின்னல். 32 வெட்டு உள்ள வட்டத் தட்டில் எட்டு இழையை இரண்டிரண்டாக நாலு திசையிலும் மாட்டி, கீழ் வலது இழையை மேல் வலதுக்கும், மேல் இடது இழையைக் கீழ் இடதுக்கும் மாற்றிவிட்டுத் தட்டைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. நடு ஓட்டை வழியாகக் கயிறு இறங்கிக்கொண்டே போகும். தட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தேய்ந்துபோன ஹவாய் செருப்பின் குதிகால் பகுதியை வட்டமாக வெட்டி பிளேடால் கீறிக்கொண்டேன். மூன்று வருஷமாக உழைக்கிறது. (முதலில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான்.)

பிரிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பின்னலில் பதில் சுலபம். எந்த இடத்தில் தப்பு நடந்ததோ அதுவரை பிரிக்கலாம், நூல் அப்படியே திரும்ப வரும். நெளிந்த நூலை ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டால் நிமிரும். பையன் நடுவில் எழுந்து அழுதால் ஒரு துணிக் கிளிப் மாட்டி அப்படியே வைத்துவிட்டு ஓடலாம். தரையில் எதுவும் சிதறாது. மறக்காமல் எடுத்து வைக்க வேண்டியது கத்தரிக்கோல் ஒன்றுதான்.

குறை என்னவென்றால், பின்னல் கயிறு நம் ஊரில் நகையாகக் கண்ணில் படுவதில்லை. கறுப்பும் சிவப்புமாக நான் ஆசையாக முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து மாமியார் கேட்டார்: “எந்தக் கோயில்ல கட்டிவிட்டாங்க?”

அந்த இடத்தில்தான் மணி ஜெயிக்கிறது. கல்யாண வீட்டுக்கு ஒரு மணிமாலையைப் போட்டுக்கொண்டு போனால் யாரும் கோயிலைப் பற்றிக் கேட்பதில்லை. கோர்ப்பதும் பார்வைக்குச் சுலபம். ஊசியில் நூல், நூலில் மணி, முடிந்தது என்று தோன்றும். முடிவதில்லை. மணியைக் கோர்ப்பது பத்து நிமிஷம். அது அறுந்து விழாமல் முனையைக் கட்டுவதில்தான் வேலையே இருக்கிறது.

இங்கே மூன்று வழி. எலாஸ்டிக், சாதா நைலான் நரம்பு, கியர் ஒயர். எலாஸ்டிக்கில் கொக்கியே வேண்டாம், கையை நுழைத்தால் போதும். அதனால்தான் எல்லோரும் அதில் ஆரம்பிக்கிறார்கள். கோர்ப்பதற்கு முன்னால் நன்றாக நாலு தடவை இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் தொளதொளவென்று ஆகி மணிகளுக்கு நடுவே நூல் தெரியும். முடிச்சின் மேல் உடனே ஒட்டும் பசையை விட்டால் அந்த இடம் விறைத்துப்போய் அங்கேயே அறும். இரண்டும் சரியாகச் செய்தாலும் வெயிலும் வியர்வையும் சென்ட்டும் ரப்பரைத் தின்றுவிடும். அண்ணன் மகளுக்கு நான் போட்டுக் கொடுத்த எலாஸ்டிக் மணிக்காப்பு ஓடுகிற பஸ்ஸில் அறுந்து, பள்ளிகொண்டா வருவதற்குள் பாதி மணி அடுத்த சீட்டுக்காரர்கள் காலடியில். மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அறுகிற நூல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நைலான் நரம்பு மலிவு. ஆனால் விறைப்பு, மடித்து வைத்தால் மடிப்பு அப்படியே நின்றுவிடும். கண்ணாடி மணியின் துளை ஓரம் சொரசொரப்பாக இருந்தால் அறுக்கவும் செய்யும். குழல் மாதிரி நீள மணிகளில் இது அதிகம், வெட்டின விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். இந்த வெட்டு மணி விஷயத்தில் நம் பக்கத்துக்கே ஒரு பழைய கதை உண்டு. திருப்பதி தாண்டிப் பாப்பாநாயுடுபேட்டையில் உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி மணி செய்திருக்கிறார்கள். அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த சின்னச் சின்ன மணிகளும் அப்படி இழுத்துச் செய்தவைதான். வெட்டிய பிறகு மறுபடி சூடாக்கி உருட்டினால்தான் ஓரம் மழுங்கும். அந்த வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று மணியை நகத்தில் தேய்த்துப் பார்த்து வாங்க வேண்டும்.

மிச்சம் கியர் ஒயர். மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசியது. 7 இழை விறைப்பாக நிற்கும், 19 பரவாயில்லை, 49 நூல் மாதிரியே வளையும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நடுவிலுள்ளது சரி. முனையில் கியர் லாக் என்கிற குட்டி மணியை விட்டு, வளையத்தில் நுழைத்து, ஒயரை அதே லாக் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து, மூக்குக் குறடால் நசுக்க வேண்டும். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். மணிகளை இறுக்கித் தள்ளி நசுக்கினால் மாலை கம்பி மாதிரி நிற்கும். கழுத்தில் வளையும்போது மணி ஒன்றோடொன்று உரசி ஒயர் ஒடியும். அரிசி அளவு இடைவெளி விட்டு நசுக்கினால் துணி மாதிரித் தொங்கும். பிரிப்பதென்றால் லாக்கை வெட்ட வேண்டும்: லாக் போச்சு, ஒயர் போச்சு, ஆனால் மணி முழுசாகத் திரும்ப வரும். பணம் போட்டது மணியில்தான் என்பதால் நஷ்டம் சொற்பம்.

மணி எத்தனை வேண்டும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. 40 சென்டிமீட்டர் மாலைக்கு 8 மில்லிமீட்டர் மணி 50, 4 மில்லிமீட்டர் மணி 100. கடையில் சரம் கணக்கில் விற்பதால் சரத்தின் நீளத்தைக் கேட்டால் போதும். ஊசி மணி மாதிரிப் பொடிசுகளுக்கு மட்டும் எண் உண்டு, எண் கூடக் கூட மணி சிறுக்கும்: 6 என்றால் சுமார் 4 மில்லிமீட்டர், 8 என்றால் 3, 11 என்றால் 2.

நம் பக்கத்தில் ஆரம்பிப்பவருக்கு மலிவான நல்ல மணி கருகமணி. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் முஸ்லிம் வீடுகளிலும், தெலுங்கு பேசும் பல வீடுகளிலும் கல்யாணத்துக்கு வேண்டிய பொருள் அது என்பதால் தினுசு தினுசாகக் கிடைக்கும். இடையிடையே நாலு தங்க நிற உருண்டை விட்டால் எந்தப் புடவைக்கும் ஒத்துப்போகும். கொக்கி, வளையம், கம்மல் கம்பியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான உலோகத்தில் நிக்கல் இருந்தால், வியர்வை பட்டதும் சிலருக்குக் கழுத்திலும் காதிலும் அரித்துத் தடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்கினால் அந்தத் தொல்லை குறையும்.

சிதறுவதுதான் மணியின் பெரிய வில்லங்கம். மொசைக் தரையில் ஒரு 4 மில்லிமீட்டர் மணி விழுந்தால் அது கட்டிலுக்கடியில் போய்த்தான் நிற்கும். எவர்சில்வர் தாம்பாளத்தில் பழைய டர்க்கி டவலை விரித்து அதன் மேல் கொட்டிக்கொள்கிறேன், உருளாது. வேலை முடிந்ததும் முறத்தில் கவிழ்த்து டப்பாவில் வழித்துவிடலாம். அவள் வீட்டில் இது போதுமா? தூங்குகிற பிள்ளை எப்போது எழுந்து வரும் என்று தெரியாத வீட்டில் போதாது என்றுதான் நினைக்கிறேன். டேபிள் மேல், மூடி போட்ட டப்பாவிலிருந்து பத்துப் பத்தாக எடுத்து வேலை செய்ய முடிந்தால் மட்டும் மணி.

தோல் வேலையையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பாலாற்றங்கரையில் உட்கார்ந்து எழுதுவதற்கு அர்த்தமில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவர் ஒரு பை நிறையத் துண்டுத் தோல் கொண்டுவந்து தந்தார். காசு செலவில்லை என்று ஆரம்பித்த வேலை அது. இந்தத் தோலில் இரண்டு ஜாதி. குரோமியத்தில் பதனிட்டதை வெட்டிப் பார்த்தால் ஓரம் நீலச் சாம்பலாகத் தெரியும். மெத்தென்றிருக்கும், பின்னுவதற்கு நன்றாக வளைந்து கொடுக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரிப் பொருள்களில் பதனிட்டதின் ஓரம் பழுப்பு; விறைப்பாக இருந்தாலும் நனைத்தால் சொன்ன பேச்சு கேட்கும், காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நிற்கும். ஷூவின் மேல்பகுதிக்கான தோலில் மேலே பூச்சு இருக்கும். அதை மெல்லிய பட்டையாக வெட்டி இறுக்கிப் பின்னினால் மடிப்பில் பூச்சு வெடிக்கிறது. எனக்குக் கிடைத்த பையில் பாதி அப்படிப் போனது.

ஆனால் தோலில் ஒரு வித்தை இருக்கிறது, அதற்காகவே ஒரு தடவை செய்து பார்க்கலாம். இரண்டு முனையும் மூடியே இருக்கிற ஒரு பட்டையில் நடுவில் மட்டும் நீளவாக்கில் இரண்டு கீறல் போட்டு மூன்று காலாக்கி, முனையை அவிழ்க்காமலே சடை பின்னுவது. பார்க்கிறவர்களுக்கு இது எப்படி முடிந்தது என்றே புரியாது. ஆறு தடவை கால் மாற்றியதும் கீழே ஒரு முறுக்கு சேர்ந்திருக்கும். கீழ் முனையையே அந்தச் சந்துகளில் இரண்டு தடவை நுழைத்து எடுத்தால் முறுக்கு கரைந்து பின்னல் மட்டும் மிஞ்சும். மறுபடி ஆறு. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் ஆனது, காபியைக்கூட மறந்துவிட்டேன்.

என் கேள்விக்குத்தான் தோல் தோற்றுவிடுகிறது. பின்னியதைப் பிரிக்கலாம், கீறியதை ஒட்ட முடியாது. இரும்பு ஸ்கேலும் புது பிளேடும் இல்லாமல் பட்டை ஒரே அகலத்தில் வராது. கை ஒரு நூலளவு விலகினாலும் அந்தப் பட்டை போச்சு. ஐப்பசி மழையில் அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பூக்கும். சில பேர் தோலுக்குக் குரோமியம் ஒத்துக்கொள்ளாது. ஓசியில் துண்டுத் தோல் கிடைக்கிற ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு எத்தனை பட்டை வீணானாலும் வலிக்காது, அவர்கள் தாராளமாக இதிலேயே ஆரம்பிக்கலாம். பொருளுக்குக் காசு கொடுக்கும் மாடிப் பெண்ணுக்கு இரண்டாம் வருஷம்.

பொடி மணியை ஊசியால் ஒவ்வொன்றாக நெய்து பட்டையாக்குவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, அதனால்தான் அவளுக்கு வேண்டாம் என்கிறேன். 11ஆம் எண் மணியில் பத்து மணி அகலத்துக்கு ஆறு அங்குலம் நெய்ய எழுநூறு, எண்ணூறு மணி வேண்டும். அட்டைப் பெட்டியின் இரு ஓரத்தையும் பல் பல்லாக வெட்டி நூல் கட்டினால் தறி தயார், அந்தச் செலவு ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு நிறம் மாறிப்போனதை முப்பதாவது வரிசையில் கண்டுபிடித்தால், இருபத்தேழு வரிசையையும் ஊசியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு மணியாகக் கழற்ற வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் நீலமும் ஊதாவும் ஒன்றாகத் தெரிகிற வீட்டில் இது கட்டாயம் நடக்கும். பகல் வெளிச்சமும் நிதானமும் உள்ளவர்களுக்கான வேலை.

பட்டு நூல் வளையல் பற்றி இரண்டு வரி போதும். பிளாஸ்டிக் வளையலில் பசை தடவி நூல் சுற்றுவது. ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம், அடுத்த மணி நேரத்தில் அலுத்துவிடும். ‘பட்டு நூல்’ என்று கண்டில் விற்பது பெரும்பாலும் ரேயான். ஒரு இழையைக் கொளுத்தினால் தெரிந்துவிடும்: முடி கருகும் வாடை வந்தால் பட்டு, காகித வாடை வந்தால் ரேயான், உருகிக் குண்டானால் பாலியஸ்டர். ஆரணியில் தறி வைத்திருக்கும் வீட்டோடு பழக்கம் இருந்து, உண்மையான பட்டில் மிச்ச இழை கிடைத்தால் அதை வளையலில் ஒட்டி வீணாக்க வேண்டாம். நாலுகால் பின்னலில் போட்டால் அதன் பளபளப்பே வேறு.

கடைசியில் அவளுக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு: முதல் மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் எடுக்காதே. மெழுகு நூல் மூன்று நிறம், நல்ல கத்தரிக்கோல் ஒன்று. கொக்கிக்குப் பதிலாகப் பழைய சட்டையின் பொத்தான். மறுமுனையில் ஒரு கண்ணி விட்டுப் பின்னினால் அதுவே பூட்டு. இரண்டாம் மாதம் துளை பெரிதாக உள்ள மர மணி பத்து வாங்கி, பின்னலின் நடுவே ஒவ்வொன்றாக விட்டுப் பார். எண்ணுவதற்கு சுலபம்: ராத்திரி பத்து எடுத்தால் பத்தும் டப்பாவுக்குத் திரும்பியதா என்று பார்த்துவிட்டுப் படு. மிச்ச எழுநூறைத் தொடாமல் வை. பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகும் ஆசை இருந்தால் அதில் குறடு, வெட்டும் குறடு, கியர் ஒயர், கருகமணி. குறடு வாங்கும்போது வாயின் உள்பக்கம் பல் இல்லாததாகப் பார்த்து வாங்கு. பல் உள்ளது வளையத்தைக் கீறிவிடும்.

“வித்தா காசு வருமாக்கா?” என்று கேட்டாள். எல்லோரும் கேட்பதுதான். முதல் பத்தை வீட்டில் இருப்பவர்கள் கையில் கட்டி, மூன்று மாதம் போட்டுக் குளித்து, எது அறுகிறது, எது சாயம் விடுகிறது என்று பார்த்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

மணி வாங்கப் போகும்போது நூலில் ஒரு சாண் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருந்தேன். ஒரு மில்லிமீட்டர் நூல் பல மணிகளில் நுழையாது; வீட்டுக்கு வந்து பார்த்தால் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. நுழையச் சற்று முரண்டு பிடித்தால் முனையை நெயில் பாலிஷில் நனைத்துக் காயவைத்து, சாய்வாக வெட்டினால் ஊசி மாதிரிப் போகும்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு மறுபடி இறங்கி வந்தாள். கையில் முடிச்சு வேலை, மூன்று விரற்கடை நீளம், பச்சையும் அரக்கும். பாதி வரை பட்டையாக வந்து அதற்குமேல் திருகாணியாக முறுக்கிக்கொண்டிருந்தது.

“பிரிக்கட்டுமாக்கா?”

“எந்த முடிச்சுல பக்கம் மாத்த மறந்தேன்னு தெரியுதா?”

விளக்கடியில் பிடித்துப் பார்த்து, நகத்தால் ஒரு முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். சரியான முடிச்சுதான்.

“அப்ப அதுவரைக்கும் பிரி.”